மூடிய கை

என் அப்பாவுக்கு, நைனாவுக்கு, மறதி நோய். கதவு திறந்திருந்ததால் ரோட்டுக்குப் போய்விட்டார். நான் தேடி வாசலுக்கு ஓடிவந்தபோது, எதிர்ப்பக்கத்திலிருந்து என்னைப் பார்த்தபடியே ரோட்டைக் கடக்க ஆரம்பித்தார். கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்தது. "நைனா, நில்லு!" என்று கத்தினேன். அவருக்குப் புரியவில்லை. என் கை தானாக உயர்ந்து மூடியது.

துறைமுகத்தில் கிரேனுக்குக் கைச்சைகை காட்டியவர் அவர். என் சின்ன வயதில், வேலை முடிந்து மீனோடு ராயபுரம் வீட்டு வாசலில் நிற்பார். கிரீஸ் வாடை மாடிவரை வரும். நான் கயிற்றில் கூடையை விடுவேன். உள்ளங்கை தாழ்ந்தால் இறக்க வேண்டும், கை மூடினால் நிறுத்த வேண்டும். ஏதாவது கேட்டால், "வாயி இன்னாத்துக்கு? கையப் பாரு!" என்பார்.

இப்போது அவர் அப்படியே நின்றார். லாரி உரசுவதுபோல் கடந்தது.

ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு அழுதேன். என் கையைப் பிரித்துப் பார்த்தார்.

"சைகை கரீட்டா கீதே. யாரு பொண்ணும்மா நீ?"