மூக்கருகே ஒரு விரல்

எனக்கு ஒன்றரை வயதானபோது அப்பா இறந்தார். மதியம் காப்பி குடித்துவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அன்றோடு அம்மா வீட்டில் காப்பியை நிறுத்திவிட்டாள். நானும் அக்காவும் சுக்குமல்லித் தண்ணீர் குடித்து வளர்ந்தோம்.

எழுபதுகளின் நடுவில் காரைக்காலிலேயே எனக்கு அரசாங்க வேலை கிடைத்தது. அலுவலகத்தில் பத்தரைக்கும் நான்கு மணிக்கும் எல்லாருக்கும் காப்பி வரும். வேண்டாம் என்றால் கேலி செய்வார்கள். குடிக்கத் தொடங்கினேன். சர்க்கரை பிடிக்கவில்லை, போடாமல் கேட்டு வாங்கினேன். இரண்டே மாதத்தில் நாளுக்கு ஐந்து தம்ளர். நாட்குறிப்பில் தினமும் எண்ணிக்கை இருக்கிறது. ஞாயிறு வீட்டில் இருப்பதால் பூஜ்யம். பக்கத்திலேயே ‘தலைவலி, மூன்று மணி முதல்’.

பொங்கலுக்கு வந்த அக்காவைக் கடைத்தெருவுக்கு அழைத்துப்போய்க் காப்பி வாங்கிக் கொடுத்தேன். அரைத் தம்ளரிலேயே நெஞ்சு படபடக்கிறது என்று வைத்துவிட்டாள். அம்மாவுக்கும் அப்படித்தானாம். என் தம்ளர் காலியானதைப் பார்த்தாள்.

“ஒரே சுக்குத் தண்ணிதானடா குடிச்சோம். ஒனக்கு மட்டும் எங்கேருந்து வந்துச்சு?”

அவள்தான் அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குப் பின் அம்மா ஒரு தம்ளரைக் கொண்டுவந்து என் முன் வைத்தாள். இருபது வருஷத்துக்கு மேலாகி, அந்த வீட்டில் மறுபடியும் காப்பி.

“சக்கர போடல. ஒங்கப்பாவுக்குப் போட்டா பிடிக்காது.”

எனக்கும் பிடிக்காது என்பதை நான் வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. குடித்தேன். மற்றவர்களுக்குத் தூக்கம் போகும். எனக்கோ, குடித்துவிட்டுப் படுத்தால் பத்து நிமிடத்தில் கண் சொருகும். விழித்தபோது அம்மாவின் விரல் என் மூக்கருகே இருந்தது. மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவங்களும் இப்படித்தான், குடிச்ச கையோட தூங்கிடுவாங்க. அன்னிக்கி நான் பாக்காம துணி தொவைக்கப் போயிட்டேன்.”

மறுநாளே காப்பியை விட்டேன். நாட்குறிப்பில் எட்டு பூஜ்யங்கள். ஒன்பதாம் நாள் மறுபடியும் ஐந்து. அம்மா கண்டிக்கவில்லை. ஞாயிறுதோறும் தானே போட்டுக் கொடுத்து, அருகில் உட்கார்ந்துகொண்டாள். அப்பாவின் வயதை நான் தாண்டிய அன்று, இனிமேல் பயமில்லை என்று அவளிடம் சொன்னேன்.

“சரி. நீ தூங்கு. நான் இங்கதான் இருக்கேன்,” என்றாள்.

போன வருஷம் அம்மா போய்விட்டாள். இப்போது ஞாயிறு காப்பியை நானே போட்டுக்கொள்கிறேன். பத்து நிமிடத்தில் தூக்கம் வந்துவிடுகிறது. விழிக்கும் கணத்தில் மேலுதட்டுக்கு மேலே லேசான சூடு தெரிகிறது. நான் உடனே கண் திறப்பதில்லை. அவளுக்குத் தெரியட்டும் என்று மூச்சைக் கொஞ்சம் பலமாக விடுகிறேன்.