இடது பக்கம் இழுத்த கார்

மருதமுத்துவின் இடது காலை முட்டிக்கு மேலே எடுத்த பிறகுதான் பவானேஸ்வரி கார் ஓட்டப் பழகினாள். அதுவரை அந்த வீட்டில் ஸ்டியரிங் பிடித்தவர்கள் அப்பனும் மகனும் மட்டும்தான். மருதமுத்து தோட்டத்தில் ரப்பர் பால் லாரி ஓட்டி, தோட்டம் கைமாறியதும் தொழிற்சாலை பஸ்ஸுக்கு மாறி, வாழ்நாளெல்லாம் சாலையிலேயே கிடந்தவர். சர்க்கரை வியாதி முதலில் அவருடைய விரலைக் கொண்டுபோனது, பிறகு காலை. சிறுநீரகமும் கைவிட்ட பிறகு, வாரத்தில் மூன்று தடவை டுரியான் துங்காலிலிருந்து அலோர் காஜா டயாலிசிஸ் சென்டருக்குப் போய்வந்தால்தான் உயிர் நிற்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மகன் கவிநேசன் சிங்கப்பூரில் வேலை. அவன் விட்டுப்போன பழைய சாகா கார் வீட்டு வாசலில் நின்றது. ஐம்பதை நெருங்கும் வயதில் பவானேஸ்வரி பிள்ளைகளோடு பிள்ளையாக ஓட்டுநர் பள்ளியில் போய் உட்கார்ந்தாள். இரண்டு தடவை தோற்றாள். மூன்றாவது தடவை லைசென்ஸ் கைக்கு வந்தபோது மருதமுத்து அதை வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். கால் போனதிலிருந்து அவர் அதிகம் பேசுவதில்லை.

கார் ஓடியது. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. கவிநேசன் இளவட்டமாக இருந்த காலத்தில் கார் தரையோடு தரையாகப் போக வேண்டும் என்று ஆசைப்பட்டு, கம்பெனி ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுக் குட்டை ஸ்பிரிங் மாட்டியிருந்தான். பார்க்க அழகுதான். ஆனால் ஒற்றைக் காலோடு இருக்கிற கனத்த மனிதரால் அந்தப் பள்ளத்து சீட்டிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. ஒவ்வொரு முறையும் பவானேஸ்வரி அவருடைய அக்குளில் கைகொடுத்துத் தூக்குவாள். ஒரு காலையில் சென்டர் வாசலில் கை நழுவி, காருக்கும் வாய்க்காலுக்கும் நடுவே மல்லாக்க விழுந்துவிட்டார். இரண்டு காவலாளிகள் ஓடிவந்து தூக்கினார்கள். சட்டை மேலேறி வயிறு தெரியக் கிடந்த அந்தச் சில நொடிகளில் அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டதை அவள் பார்த்தாள்.

அன்று மாலையே மகனுக்குப் போன் போட்டாள்.

"தம்பி, காடிய ஒசத்தணும்பா. அப்பாவால ஏந்திரிக்க முடியல."

"அந்தப் பழைய ஸ்பிரிங்க தூக்கிப் போட்டுட்டேனேம்மா. செகண்ட் ஹேண்ட்ல பாக்கலாம். எனக்கு அப்பவே தோணாம போச்சு." அவன் குரல் இறங்கியது. "அப்பா நல்லா இருக்காராம்மா?"

"இருக்காரு."

மஸ்ஜித் தானா ஊர்ப் பக்கம் ஒரு வொர்க்‌ஷாப்பில் பழைய ஸ்பிரிங் தேடிப் பிடித்து மாட்டிக் கொடுத்தார்கள். கார் நன்றாக உயர்ந்தது. மருதமுத்து கதவு விளிம்பைப் பிடித்து, கைத்தடியை ஊன்றி, தாமாகவே எழுந்து நின்றார். எழுந்து நின்று, "ம்" என்றார். அந்த ஒரு 'ம்' அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

ஆனால் கார் இப்போது நேராகப் போக மறுத்தது. ஸ்டியரிங்கை வலது பக்கம் கொஞ்சம் திருப்பியே பிடித்திருந்தால்தான் சாலையில் நின்றது. கை தளர்ந்தால் இடது ஓரத்துக்கு நழுவியது. பவானேஸ்வரி அதைக் காரின் குறை என்று நினைக்கவே இல்லை. ஸ்டியரிங்கை இரும்புப் பிடியாகப் பிடிக்கிறீர்கள் என்று ஓட்டுநர் பள்ளியில் ஓயாமல் சொல்லியிருந்தார்கள். தன் கைதான் கோணல் என்று முடிவு கட்டிக்கொண்டாள். வீட்டுக்கு வந்தால் தோள்பட்டை கடுத்தது. தைலம் தேய்த்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் படுத்துவிடுவாள்.

பக்கத்து சீட்டில் மருதமுத்து கதவுக்கு மேலிருந்த கைப்பிடியை விடாமல் பிடித்திருப்பார்.

"இடது பக்கம் போற."

"சரிங்க."

"பாத்து. வாய்க்கா இருக்கு. மறுபடியும் போற பாரு."

"தெரியுதுங்க."

போக வர இதே பேச்சு. ஒரு நாள் அவளுக்குப் பொறுக்கவில்லை. "எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதாங்க. ஒங்கள மாதிரி பொறந்ததுலேருந்து ஓட்டலையே நானு," என்றாள். அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

நவம்பர் மழையில் அது நடந்தது. சென்டரிலிருந்து திரும்பும் வழியில், டுரியான் துங்கால் அணைக்கட்டுக்கு முந்தின வளைவில், அவள் திருப்பியும் கார் திரும்பவில்லை. முன்சக்கரங்கள் தண்ணீரில் வழுக்கிக்கொண்டே போயின. புல் திட்டில் ஏறி, செம்பனை மரத்துக்கு ஒரு கை தூரத்தில் கார் நின்றது. மழை கூரையில் கொட்டியது. இருவருக்கும் அடியில்லை.

மருதமுத்து கைப்பிடியை விடாமலே சொன்னார். "இனிமே நீ ஓட்ட வேணாம்."

"அப்பறம் எப்படிங்க போறது?"

"போக வேணாம்."

சொன்னபடியே செய்தார். அடுத்த முறை அவர் கிளம்பவில்லை. அதற்கு அடுத்த முறையும் இல்லை. முகம் உப்பியது. படுத்தால் மூச்சு வாங்கியது; தலையணையை அடுக்கிச் சாய்ந்தபடியே கிடந்தார். சென்டரிலிருந்து நர்ஸ் ஷாமினி போன் செய்தாள். "அங்கிள எப்படியாவது கொண்டாந்துருங்க ஆன்ட்டி, இது வெளையாட்டு இல்ல." ஆம்புலன்ஸைக் கூப்பிடட்டுமா என்று பவானேஸ்வரி கேட்டதற்கு, சாகப்போகிறவனுக்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்றார் அவர். அந்த மனிதர் அவள் ஓட்டும் விதத்துக்குப் பயந்து வரவில்லையா, இதைச் சாக்காக வைத்துச் சாகத் துணிந்துவிட்டாரா என்று அவளுக்குப் புரியவில்லை. இரண்டில் எதுவானாலும் தன் கைதான் காரணம் என்று பட்டது.

டயரையாவது மாற்றிவிட்டு மறுபடி கேட்டுப் பார்ப்போம் என்று காலையில் தனியாகக் காரை எடுத்துக்கொண்டு பட்டணத்துக்குப் போனாள். டயர் கடைக்காரர் தம்புசாமி அவள் சொன்னதைக் காதில் வாங்கியபடியே முன்சக்கரத்தை வளைத்துத் திருப்பச் சொன்னார். குந்தி உட்கார்ந்து உள்ளங்கையால் டயரைத் தடவியவர், கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"தங்கச்சி, இங்க வந்து பாரும்மா."

டயரின் வெளி விளிம்பு தேய்ந்து வழுவழுவென்றிருந்தது. ஓரிடத்தில் உள்ளிருக்கும் கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. உள் விளிம்போ புது டயர் போலவே இருந்தது. மறுபக்கச் சக்கரத்திலும் வெளிப்பக்கம்தான் தேய்ந்திருந்தது.

"காடிய ஒசத்துனீங்களா?"

"ஆமாண்ணே. எங்க வீட்டுக்காரருக்காக."

"ஒசத்துன பொறகு அலைன்மென்ட் பாத்தாங்களா?"

"அப்படின்னா என்னண்ணே?"

தம்புசாமி பெருமூச்சு விட்டார். "தாழ்வா இருந்தப்ப அந்த ஒசரத்துக்கு ஏத்த மாதிரி சக்கரத்த நேராக்கி வெச்சிருக்காங்க. காடி ஒசந்தா உள்ளுக்கு சக்கரத்தப் புடிச்சிருக்கிற கம்பிங்க எல்லாம் வேற மாதிரி சாஞ்சு நிக்கும். மறுபடியும் நேராக்கணும். யாரும் செய்யல. ரெண்டு முன்சக்கரமும் மூக்க உள்பக்கம் திருப்பிக்கிட்டே ஓடியிருக்கு. ஸ்பிரிங்கும் ஜோடி இல்ல, இடது பக்கம் ஒசரமா நிக்குது பாரு. அதான் இடது பக்கமே இழுக்குது. மழையில வழுக்காம என்ன செய்யும்?" நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "இத ஓட்டிக்கிட்டா இவ்வளவு நாளா அலோர் காஜா போய்ட்டு வந்த? நானே யோசிப்பேன்லா."

பவானேஸ்வரி கடை வாசலில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள். கோபம்தான் வந்தது. யார் மேல் என்று சொல்லத் தெரியாத கோபம். அந்த வொர்க்‌ஷாப்காரன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தன் கைகளை மடியில் விரித்து வைத்துப் பார்த்தாள். அவற்றில் கோணல் ஒன்றும் இல்லை.

தம்புசாமி வேறு டயர் மாட்டினார். சக்கரங்களைத் திருப்பும் கம்பி துருவேறி இறுகியிருந்தது. சூடு காட்டித் தட்டித் தளர்த்தி நேராக்கினார். இப்போதைக்கு மெதுவாக ஓட்டலாம், ஆனால் ஸ்பிரிங்கை ஜோடியாக மாற்றாமல் விடக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்தவள் செருப்பைக் கூடக் கழற்றாமல் கட்டிலருகே போய் நின்றாள். போனில் எடுத்துவந்த டயர் படத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"பாருங்க. நல்லா பாருங்க. என் கை இல்லீங்க இது."

மருதமுத்து படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். கம்பி நீட்டிய இடத்தில் அவர் விரல் நின்றது. எவ்வளவோ லாரியும் பஸ்ஸும் பார்த்த மனிதர். விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

"முன்னெல்லாம் டயரத் தட்டிப் பாக்காம வண்டிய எடுக்க மாட்டேன்," என்றார். அப்புறம் போனை அவளிடம் திருப்பிக் கொடுத்தார். "இப்ப குனிய முடியலையே பவானி."

அவள் அவர் தலைமாட்டில் உட்கார்ந்தாள். "சட்ட எடுத்துத் தரட்டா? சென்டருக்குப் போவோம்," என்றாள். அவர் தலையசைத்தார். அன்று அவரைப் படுக்கையில் சேர்த்த ஷாமினி, பவானேஸ்வரியின் முதுகைத் தட்டிவிட்டுப் போனாள்.

தம்புசாமி சொல்லிவைத்திருந்த ஜோடி ஸ்பிரிங் வந்து சேர்ந்தபோது கடைக்குத் தானும் வருவேன் என்று மருதமுத்து அடம்பிடித்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, கார் மேடையில் ஏறுவதையும், சக்கரங்களில் கருவி மாட்டுவதையும், திரையில் சிவப்பாக இருந்த எண்கள் ஒவ்வொன்றாகப் பச்சையாவதையும் கண்கொட்டாமல் பார்த்தார். இடது சக்கரத்தின் சாய்வு மட்டும் கடைசிவரை அடங்கவில்லை. அதற்கென்று ஒரு போல்ட் போட்டுத்தான் தம்புசாமியால் சரிக்கட்ட முடிந்தது. முடிந்ததும், "ஓட்டிப் பாக்கணும்," என்று தம்புசாமி சாவிக்குக் கை நீட்டினார்.

"அவ ஓட்டுவா," என்றார் மருதமுத்து.

அணைக்கட்டு ரோட்டில் ஸ்டியரிங் அவள் விரல்களுக்குள் சும்மா கிடந்தது. பல மாதங்களாகத் தோளில் ஏறியிருந்த கனம் இறங்கியது போலிருந்தது. எதிரே லாரி வந்தது, போனது. இடது பக்கமிருந்து குரல் எதுவும் வரவில்லை. திரும்பிப் பார்த்தாள். மருதமுத்து கைப்பிடியை விட்டுவிட்டு, வாய் லேசாகத் திறந்திருக்க, தூங்கிக்கொண்டிருந்தார். அவள் ஓட்டும்போது அவர் தூங்கியது அதுதான் முதல் தடவை. வீட்டு வாசலுக்கு வந்த பிறகும் அவரை எழுப்ப மனம் வராமல், குளிர் காற்று வரும் ஏர்கோனை அணைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் அவர் இருந்தார். தைப்பூசம் கழிந்த வாரத்தில் இதயம் நின்று போனார். காரியம் முடிந்ததும் கவிநேசன் காரை விற்றுவிடலாமா என்று கேட்டான். "இருக்கட்டும்பா," என்றாள் அவள். ஏன் என்று அவளுக்கும் அப்போது தெரியாது.

சில வாரங்களில் ஷாமினி போன் செய்தாள். சிம்பாங் அம்பாட்டில் வேலாயி என்றொரு பாட்டி. மகனுக்கு ஷிப்ட் வேலை. கூட்டிவர ஆளில்லாமல் அடிக்கடி வராமல் போகிறார். ஆன்ட்டியால் முடியுமா? பவானேஸ்வரி ஒரு நாள் அவகாசம் கேட்டாள். மறுநாள் சரி என்றாள்.

முதல் நாள் வேலாயி காரில் ஏறி உட்கார்ந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டே கேட்டார்.

"இதே எடத்துக்குப் போறியே தாயி. ஒனக்கு அவரு நெனப்பு வராதா?"

"வரும் பெரிம்மா."

"பின்ன?"

"வரட்டும்லா," என்று சொல்லிவிட்டு, பவானேஸ்வரி கண்ணாடியைப் பார்த்துக் காரை மெல்லச் சாலைக்கு எடுத்தாள்.