தறப்பாளுக்குள் செவலைக் கோழி

கிண்ணியா ரபீக்காவுக்குக் கை ஓடுகிற வேகத்தில் வாயும் ஓடும். விடியமுன் அப்பம் சுட்டுக் கடைக்கு அனுப்பிவிட்டு, வீட்டையும் கோழிகளையும் ஒரே குரலில் ஏசி ஏசியே பார்த்துக்கொள்வாள். மாரி தொடங்கினால் மனிசர் நனைந்தாலும் அவளுடைய கோழிகள் நனையக் கூடாது. கூட்டைச் சுற்றித் தண்ணீர் புகாத தறப்பாளை இறுக்கிக் கட்டிவிடுவாள். உள்ளே பட்டப்பகலிலும் கும்மிருட்டுத்தான்.

இந்த மாரியில் செவலைக் கோழி முட்டையை நிறுத்தியது. அந்த நேரம் பார்த்து மகள் இன்ஷிரா பெரிய பிள்ளையானாள். வெறும் வயிற்றில் ஊர்க்கோழி முட்டையும் நல்லெண்ணெயும் கொடுத்தால்தான் இடுப்புக்குப் பலம். கடை முட்டை கொடுக்க ரபீக்காவுக்கு மனமில்லை. அக்கம்பக்கத்தில் கேட்டாள். மழைக்கு எந்த வீட்டிலும் முட்டை இல்லை. ஆனாலும் கோபமெல்லாம் தன் கோழியில்தான். வருசம் முழுக்கத் தின்றுவிட்டு, பிள்ளைக்குத் தேவைப்படும்போது சும்மா குந்தியிருக்கிறதே!

முட்டைதான் இல்லை, கோழி இறைச்சி ஆணமாவது காய்ச்சுவோம் என்று பக்கத்து வீட்டு அபூதாஹிர் காக்காவைக் கூப்பிட்டுச் செவலையை அறுப்பித்தாள். குஞ்சிலிருந்து அதை வளர்த்தவள் இன்ஷிரா. அறைக்குள் இருந்த அவளுக்கு ஒன்றும் தெரியாது. பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று ரபீக்கா நினைத்தாள்.

குசினியில் கோழியின் வயிற்றைக் கீறியதும் கை அப்படியே நின்றது. மஞ்சள் கருக்கள் பெரிதும் சிறிதுமாகக் கொத்தாய்க் கிடந்தன. அவற்றோடு ஓடு கட்டிய முழு முட்டை ஒன்று. ஒரு நாள் பொறுத்திருந்தால் தானாகவே இட்டிருக்கும். அன்று அவள் ஏசியது தன்னைத்தான். ஆணத்தை அடுப்பில் ஏற்றிவிட்டு, அந்த முட்டையைக் கழுவி, நல்லெண்ணெயில் அடித்து மகளிடம் கொண்டுபோனாள்.

இன்ஷிராவின் முகம் மலர்ந்துவிட்டது. செவலை இட்டதா என்று கேட்டாள். ரபீக்கா தலையை மட்டும் ஆட்டினாள்.

"நீங்க ஏசுவீங்க எண்டுதான் சொல்லல்ல உம்மா. வெளிச்சம் குறைஞ்சா கோழி முட்டை போடாதாம், டீச்சர் சொன்னவ. அறைக்குள்ள வர முதலே, பின்பக்கத் தறப்பாளைச் சுருட்டி வெச்சிட்டன். இனி அதுக்கு ஏசாதீங்க. அது பாவம்."

இருட்டைக் கட்டியது ரபீக்கா, பழியைச் சுமந்தது கோழி. இன்ஷிரா கிண்ணத்தைக் காலியாக்கிவிட்டு மூக்கை உறிஞ்சினாள்.

"குசினியில என்ன உம்மா மணக்குது?"

ரபீக்கா காலிக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள்.

"செவலைதான், மகள்" என்றாள்.