வெள்ளைக் கண் ஈ

அறுபதுகளில் ஒரு நாள், ஊத்துக்குளியில் ரயிலேறிய ஆராய்ச்சி மாணவி என் எதிரே அமர்ந்தார். மடியில் பழ ஈக்கள் நிறைந்த குப்பி. விடுமுறையில் ஈக்கள் பட்டினி கிடக்குமென்று தன் ஊருக்கே கொண்டுபோய்ப் பழம் ஊட்டிவிட்டுத் திரும்புகிறவர். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி ஏற்றி, குப்பிக்குள் பார்த்துக்கொண்டே இருந்தார்.

வண்டி குலுங்கியதில் குப்பியின் பஞ்சு அடைப்பு சன்னலுக்கு வெளியே போயிற்று. சில ஈக்கள் பறந்தன. உள்ளங்கையால் குப்பியை மூடிக்கொண்டார்.

"ஒண்ணே ஒண்ணுக்குத்தானுங்க வெள்ளைக் கண்ணு. அது போனா என் ஆராய்ச்சியே போச்சுங்க!"

பக்கத்திலிருந்த பனியன் வியாபாரி, மாதிரிக்கு வைத்திருந்த பனியனைக் கிழித்துக் குப்பியின் வாயைக் கட்டினார்.

"காத்துப் போகுமுங்க அம்மிணி, ஈ போகாது. நம்ம சரக்கு அப்படி!"

மாணவி குப்பிக்குள் தேடினார். பெட்டியிலிருந்தவர்களெல்லாம் எட்டிப் பார்த்தோம்.

"இருக்குதுங்க!"

எல்லோரும் கைதட்டினோம். குப்பி கைமாறி வந்தபோது எனக்குப் புள்ளிகள் மட்டுமே தெரிந்தன. ஆனாலும் திருப்பூரில் இறங்கி வீடுவரை சிரித்துக்கொண்டே நடந்தேன். அந்த ஈ எனக்கு என்ன உறவோ, இன்றும் விளங்கவில்லை.