நெய்யாற்றின்கரைக்குக் கொண்டுபோன கம்பளி

தமிழ்த் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டு எல்லைக் கிளர்ச்சி நடந்த காலம். தை மாதத்தில் ஒரு நாள், காலை ஆறு மணிக்குப் பாறசாலையில் பஸ் ஏறினேன். நெய்யாற்றின்கரை ஏழு மைல், டிக்கெட் மூன்றணா. வழியெல்லாம் வாழையிலையில் பனி சொட்டியது. மடியில் ஒரு கம்பளி, பேரப்பிள்ளைக்கு.

பிள்ளை பிறந்து இருபது நாள். "பனிக்காலம். கம்பளியில் பொதிந்து வை, சன்னலைத் திறக்காதே" என்று மகள் கிரேசுக்கு நானே கார்டு எழுதியிருந்தேன். படித்தது இரண்டாம் வகுப்பு; ஆனாலும் பிறரிடம் எழுதக் கொடுக்கும் வழக்கம் எனக்கில்லை. முந்தின நாள் பதில் வந்தது: பிள்ளைக்கு உடம்பு கொதிக்கிறது, பால் குடிக்கவில்லை. ஒரு கம்பளி போதவில்லை என்று இன்னொன்றை எடுத்துக்கொண்டேன்.

ஆறே முக்காலுக்கு, அமரவிளைப் பாலத்துக்கு இப்புறம் வண்டி நின்றது.

"ஜாதா வருதாம், அம்மச்சி, கொடி பிடிச்ச ஊர்வலம். வண்டி போவாது" என்றார் கண்டக்டர்.

"எப்பம் விடுவானுவ?"

"அது அவனுவளுக்கே தெரியாது."

இறங்கி நடந்தேன். பாலத்தில் ஒரு போலீஸ்காரர் என் மூட்டையைத் தடியால் தட்டினார். "உள்ள கொடி உண்டா?"

"பேரப்பிள்ளைக்க கம்பளியாக்கும். வேணும்னா நீ போத்திக்கோ, மக்கா."

அவர் சிரித்து வழிவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆற்றங்கரையில் கால் விறைத்தது. இரண்டு மைல் தாண்டி, மகள் வீடிருக்கும் சந்தைத் தெருவுக்குள் நுழைந்தால் பனியே இல்லை. கழுத்து வேர்த்தது. இளைப்பாற ஒரு கடைச் சுவரில் கை வைத்தேன். தெருவுக்குள் இன்னும் வெயில் இறங்கவில்லை. சுவரோ, இறக்கிவைத்த கஞ்சிப்பானைபோல் சூடாக இருந்தது. நேற்றைய வெயில் சுவரிலேயே தங்கியிருக்கிறது! ஆடி மழையில் வந்தபோது இதே தெரு எங்கள் ஊர்போலவே குளிர்ந்து கிடந்தது. அதை நம்பி, எங்கள் ஊர்ப் பனி இங்கேயும் பெய்யும் என்று எழுதிவிட்டேன்.

எனக்கு ஓடிப் பழக்கமில்லை. அன்று ஓடினேன்.

சன்னல் அடைத்திருந்தது. பிள்ளை தலைவரை பொதிந்து, சிவந்து, உதடு காய்ந்து கிடந்தது. தொட்டில் பக்கத்தில் என் கார்டு.

"கம்பளிய அவுரு மக்கா, அவுரு!"

"நீதானே எழுதின?" என்றாள் கிரேஸ்.

"எழுதினது தப்பாக்கும். சன்னலத் திற."

அப்படியொரு வார்த்தையை அவளிடம் அதுவரை சொன்னதில்லை. ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே இருந்தேன்; ஒன்பது மணிக்குப் பிள்ளை முலை பற்றியது. அதன்பிறகுதான் நான் உட்கார்ந்தேன்.

"இனி எப்பம் அடைக்கணும், அம்மா?"

"என்னிட்ட கேக்காதே. சுவரத் தொட்டுப் பாத்துக்கோ."

மூன்றாம் நாள், முதல் பஸ்ஸில் திரும்பினேன், இரண்டு கம்பளியோடும். பாறசாலையில் இறங்கியதும் குளிர் தாங்காமல் ஒன்றை எடுத்துப் போர்த்தினேன். அதில் பிள்ளையின் வேர்வை மணம் இருந்தது.