பூபதி அண்ணன் தர மறுத்த கார்

செவ்வாய்க்கிழமை காலை, ஏலக்காய் ஏலம் பாதி நடந்துகொண்டிருந்தபோது பூபதி அண்ணனின் மனைவி செல்லத்தாய் மதினியிடமிருந்து அழைப்பு வந்தது. ஏலத்தின் நடுவே நான் போனை எடுப்பதில்லை. மதினி ஒருநாளும் எனக்குத் தாமாக அழைத்ததில்லை என்பதால் எடுத்தேன்.

"தாயி, அண்ணன் எந்திரிக்கல. டீயக் கொண்டாந்து வச்சிட்டு எழுப்புறேன், எழுப்புறேன், எந்திரிக்கவே இல்ல" என்றார். பார்வைக்குக் கொடுத்த மாதிரிக் காய்களைக் கையில் பிடித்தபடியே வெளியே வந்துவிட்டேன்.

மெக்கானிக் முருகபூபதியை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். போடியிலிருந்து குரங்கணி போகும் சாலையில், ஊர் முடிகிற இடத்தில் அவருடைய ஒர்க்‌ஷாப் இருக்கிறது. காலையில் தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு மலையேறும் ஜீப்புகளில் பாதி அவர் கை பட்டவை. கழற்றுகிற பாகங்களைத் தரையில் பழைய செய்தித்தாளை விரித்து வரிசையாக அடுக்கி வைப்பார். அடுக்கும்போதே செய்தியையும் படித்துவிடுவார். "இந்தக் கேசு கடைசில என்னாச்சு தாயி?" என்று ஒன்றரை வருடத்துக்கு முந்தைய திருட்டைப் பற்றி என்னிடம் கேட்பார். எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது என்றால் நிஜமாகவே வருத்தப்படுவார்.

என் கணவர் இறந்த பிறகு எங்கள் ஏலக்காய்க் கடையை நான் எடுத்து நடத்தத் தொடங்கியபோதுதான் அவரோடு பழக்கம். எங்கள் லோடு ஜீப்பை அவரிடம் பழுதுபார்க்க விட்டிருந்தேன். முதல் நாள் நான் பார்த்தது வண்டிக்கு அடியிலிருந்து நீட்டியிருந்த இரண்டு கால்களை மட்டும்தான். "யாரு அது, பிரேக்க ஒரு மிதி மிதிங்க" என்று குரல் வந்தது. பட்டுச்சேலையோடு ஏறி மிதித்தேன். வெளியே வந்து என்னைப் பார்த்தவர் கூச்சத்தில் மீண்டும் வண்டிக்கு அடியிலேயே போய்விட்டார்.

எங்கள் வீட்டில் ஒரு பழைய சீமைக் கார் உண்டு. இரண்டே இருக்கை, துணிக் கூரை, தரையோடு தரையாகப் போகும் பந்தயக் கார். மலையில் தோட்டத்தை விற்றுவிட்டுப் போன ஒருவரிடமிருந்து என் கணவர் ஆசைப்பட்டு வாங்கியது. அவருக்குப் பிறகு சரக்குக் கிட்டங்கியில் மூட்டைகளுக்கு நடுவே தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. மகள் கயல்விழிக்குக் கல்யாணம் முடிவானதும், "அப்பா வண்டியிலதாம்மா மண்டபத்துக்குப் போவேன்" என்றாள். நானும் அதையே ஆசைப்பட்டேன். காரை இழுத்துக்கொண்டு போய் அண்ணனிடம் விட்டேன்.

இரண்டே நாளில் எஞ்சினை உறும வைத்துவிட்டார். பிறகு முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். முகம் மாறியது.

"பால் ஜாயிண்டு நாலும் போச்சு தாயி. மாத்தாம ரோட்டுல விடக்கூடாது."

சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கைகளின் முனையில் இருப்பது அது. ஒரு கிண்ணத்துக்குள் உருளும் குண்டு. அந்தக் குண்டின் காம்பு, சக்கரத்தின் பக்கத்தில் உள்ள துளைக்குள் கூம்பாக இறங்கி இறுகியிருக்கும். புதியவை கோவையிலிருந்து வந்து சேர்ந்தன. பழையவைதான் வர மறுத்தன. பல வருடத் துரு. டீசலை ஊற்றி ஊறவைத்தார். நட்டைத் தளர்த்தி, முழுக்கக் கழற்றாமல் நான்கு சுற்று விட்டு வைத்தார். காம்பு திடீரென்று விடுபட்டால் ஸ்பிரிங் எகிறி ஆளை அடித்துவிடுமாம். காம்பை இழுத்தெடுக்கும் புல்லரை மாட்டி இறுக்கி, துளையின் இரு பக்கமும் ஒரே நேரத்தில் இரண்டு சுத்தியலால் தட்டினார். ஐந்து நாளில் மூன்று வந்தன. இடதுபக்கம் கீழே இருந்தது மட்டும் அசையவில்லை. புல்லரின் திருகு முறிந்தது. பக்கத்துப் பட்டறை வெல்டர், "கேஸ வச்சுப் பழுக்கக் காய்ச்சுனா வந்துரும்ணே" என்றார். "வந்துரும். அப்புறம் அந்த இரும்பு இரும்பா இருக்காதுய்யா" என்று அண்ணன் மறுத்துவிட்டார்.

கல்யாணத்துக்கு முந்தைய நாள் மதியம் நேரில் போனேன். சம்பந்திகள் இருவரும் உடன் வந்திருந்தார்கள்.

"ரெண்டு கிலோமீட்டர்தாண்ணே. மாப்பிள்ளை மெதுவாத்தான் ஓட்டுவாரு. பழசு இருந்தபடியே இருக்கட்டும், சக்கரத்த மாட்டிக் குடுங்க."

"தர மாட்டேன் தாயி."

"என் வண்டிண்ணே அது."

"ஒங்க வண்டிதான். தர மாட்டேன்."

கல்யாண வீட்டு அலைச்சல், சம்பந்திகள் முன் ஏற்பட்ட அவமானம், எல்லாம் சேர்ந்து என் வாயில் வந்தது. "வேலை தெரியலன்னு சொல்லுங்க. ஊர ஏமாத்தாதீங்க" என்று கத்தினேன். வெல்டர் இருந்தார். ஜீப் டிரைவர்கள் நான்கைந்து பேர் இருந்தார்கள்.

அண்ணன் கையைத் துடைத்தபடி, "தெரியலதான் தாயி. தெரிஞ்சா இந்நேரம் கழட்டியிருப்பேன்ல. வண்டிய மட்டும் கேக்காதீங்க" என்றார்.

மறுநாள் வாடகைக் காரில் மகள் மண்டபத்துக்குப் போனாள். அண்ணன் வெள்ளைச் சட்டையில் மதினியோடு வந்து, பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனார். நான் கவனிக்காதவள் போல வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் மதியம் போன் செய்தார். "வெரசா வாங்க தாயி."

புதுப் புல்லரை மாட்டி இறுக்கிவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறார். இரண்டு கவளம் உள்ளே போயிருக்கும், வெடி போட்டது போலச் சத்தம். யார் கையும் படாத நேரத்தில் அது தானாக விட்டிருந்தது. கழற்றிய ஜாயிண்டை என் உள்ளங்கையில் வைத்துக் கவிழ்த்தார். குண்டு கிண்ணத்திலிருந்து நழுவி, கையில் தனியாக விழுந்தது. கிண்ணத்தின் விளிம்பு தேய்ந்து தகடாகியிருந்தது.

"காம்பு பிடிச்ச பிடியப் பாத்து ஏமாந்துறக் கூடாது தாயி. அது விடாது. விட்டுப் போறது இந்தப் பக்கம்" என்றார்.

என் மகள் அதில் உட்கார்ந்திருக்க வேண்டியவள். ஜாயிண்டைப் பிடித்தபடி அங்கேயே தரையில் உட்காரப் போனேன். முக்காலியை இழுத்துப் போட்டார். அப்போதுதான் அதைச் சொன்னார்.

அவருடைய இளவயதில் ஒரு காலை நேரம். பதினான்கு பெண்களோடு நின்ற ஜீப்பில் ஸ்டியரிங் கம்பியின் முனை ஜாயிண்ட் ஆடியிருக்கிறது. டிரைவருக்கு அவசரம். அண்ணன் அதைக் கட்டுக்கம்பியால் சுற்றி, "சாயங்காலம் வாங்க, மாத்திருவோம்" என்று அனுப்பிவிட்டார். மலை வளைவில் ஜீப் சாலையை விட்டு இறங்கி, ஒரு மரத்தில் மோதி நின்றது. உயிருக்கு ஆபத்தில்லை. ஒரு பெண்ணுக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. எல்லோரும் டிரைவரைத்தான் குறை சொன்னார்கள்.

"என்னைய ஒருத்தரும் கேக்கல தாயி. அதான் தாங்கல. தேவாரத்துல அந்தப் பிள்ள வீட்டுக்குப் போயி, நாந்தான் காரணம்னு சொன்னேன். அது என்ன கேட்டுச்சு தெரியுமா? 'நீயி சொல்லாட்டி எனக்குத் தெரிஞ்சிருக்காதே. இப்ப நான் ஒன்னையத் திட்டணுமா, வேணாமா?' இன்னிக்கி வரைக்கும் எனக்குப் பதில் தெரியல."

அன்று நான் மன்னிப்புக் கேட்டேன். "கல்யாண வீட்டுல ஆயிரம் இருக்கும், விடுங்க" என்றார். அடுத்த வாரம் இருவரும் அந்தக் காரில் போடிமெட்டு வரை போனோம். ஒவ்வொரு வளைவிலும் தலையைச் சாய்த்து, முன்சக்கரத்தின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்தார். மேலே போய்ச் சேர்ந்ததும், "ஒண்ணுமில்ல. இனிமேப் பாட்டு கீட்டுப் போட்டுக்கங்க" என்றார்.

ஆனால் ஒன்று பாக்கி. என் சொல் அந்தப் பட்டறையோடு நிற்கவில்லை. "ஏலக்காய்க் கடை அம்மாவே வேலை தெரியலன்னுட்டாங்க" என்று பேச்சு பரவி, சில டிரைவர்கள் கொஞ்ச காலம் வண்டியை வேறிடத்தில் விட்டார்கள். அவர் என்னிடம் அதைச் சொல்லவே இல்லை. மதினிதான் வெகுநாள் கழித்துச் சொன்னார். நான் தனிமையில் மன்னிப்புக் கேட்டேன். பலர் முன்னால் பேசியதைப் பலர் முன்னால் திரும்ப எடுக்கவில்லை. போகலாம், சொல்லலாம் என்று இருந்துவிட்டேன். இப்போது எழுதுகிறேன்: நான் சொன்னது பொய். பூபதி அண்ணனுக்கு வேலை தெரியும். எந்த வேலையைச் செய்து கொடுக்கக் கூடாது என்பதும் தெரியும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மாலை அவரைச் சுடுகாட்டுக்கு எடுத்துக்கொண்டு போனபோது, தோட்ட ஜீப்புகள் மலையிறங்கும் நேரம். முதலில் வந்த ஜீப் ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தியது. பின்னால் வந்தவையும் ஒவ்வொன்றாக நின்றன. பெண்கள் இறங்கி, தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு சாலையோரம் நின்றார்கள். ஊர்வலத்தின் கடைசி ஆள் கடந்து போகும்வரை ஒரு வண்டியும் கிளம்பவில்லை.

போய் வாருங்கள், அண்ணே.