மூணு தட்டுக்கு ஒரு பதில்

இது நடந்தது. நம்பாதவர்கள் என் இடது கால் பெருவிரலை வந்து பார்க்கலாம். நகம் இன்னும் முளைக்கவில்லை.

பேய் வருவதற்கு நடுராத்திரி வேண்டும், இருட்டு வேண்டும், நாய் ஊளையிட வேண்டும் என்பார்கள். எனக்கு அதெல்லாம் எதுவுமே இல்லை. வியாழக்கிழமை. பட்டப்பகல். மத்தியானம் இரண்டு நாற்பதிலிருந்து மூன்று மணி வரை, இருபது நிமிஷம்தான். வீட்டுக்குள் வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

நான் எழுத்துப் படித்ததே முப்பது வயசுக்கு மேலேதான். அதனால் சுற்றி வளைக்கத் தெரியாது. நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

என் வேலை கட்டடம் இடிக்கிறது. பழைய வீடுகளை உடைத்து, கதவு ஜன்னலைக் கழற்றி, மண்ணை லாரியில் ஏற்றுவோம். எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. எந்தச் சுவரானாலும், எந்தக் கதவானாலும், உடைப்பதற்கு முன்னால் கடப்பாரையால் மூணு தட்டு தட்டவேண்டும். தட்டிவிட்டு மூச்சு விடாமல் நிற்கவேண்டும். அந்தப் பக்கம் யாராவது இருந்தால் ஒரு தட்டு தட்டுவார்கள். ஒரு தட்டு வந்தால், 'ஆள் இருக்கு, நிறுத்து' என்று அர்த்தம். ஒன்றும் வராவிட்டால்தான் ஓங்கலாம். இருபது வருஷப் பழக்கம். கையே தானாகத் தட்டிவிடும். வீட்டில் குளியலறைக் கதவைக்கூட மூணு தட்டுத்தான் தட்டுவேன். உள்ளே இருந்து என் பெரியவள் ஒரு தட்டு தட்டிவிட்டுச் சிரிப்பாள். அவளுக்கு ஆறு வயசு. சின்னவனுக்கு ஒன்றரை.

சம்பவத்துக்கு மூன்று வாரம் முன்னால் ஒரு மாடிவீட்டை இடித்தோம். பல வருஷமாகப் பூட்டிக் கிடந்த வீடு. மேல்மாடியில் கடைசி அறை. கதவு வெளியே தாழ்ப்பாள் போட்டு இருந்தது. நல்ல கெட்டி மரம். வழக்கம்போல மூணு தட்டு தட்டினேன்.

டொக்.

உள்ளே இருந்து ஒரு தட்டு. தெளிவாகக் கேட்டது.

தாழ்ப்பாளை எடுத்துப் பார்த்தேன். அறை காலி. பக்கத்து அறையை ஒட்டிய சுவரில் ஆள் நுழைகிற அளவுக்கு ஏற்கெனவே ஓட்டை போட்டிருந்தோம். என் ஜோடி ஆள் ஒருத்தன் இருக்கிறான். ஒல்லியாக, உயரமாக இருப்பான், அதனால் அவனுக்கு ஒட்டடை என்று பேர். அவன்தான் தட்டிவிட்டு ஓட்டை வழியாக ஓடியிருப்பான் என்று நினைத்தேன்.

"டேய் ஒட்டடை! வேலை நேரத்துல என்னடா கண்ணாமூச்சி?" என்று கத்திவிட்டு, கதவைக் கழற்றினேன்.

அந்தக் கதவை மேஸ்திரி என்னையே எடுத்துக்கொள்ளச் சொன்னார். எங்கள் வீட்டில் படுக்கிற அறைக்கு ரொம்ப நாளாகக் கதவு இல்லை. என் மனைவி கேட்டுக்கொண்டே இருந்தாள். தோளில் சுமந்து கொண்டுபோய் மாட்டினேன்.

மாட்டும்போது பார்த்தேன். கதவின் உள்பக்கத் தாழ்ப்பாளை யாரோ முன்பே கழற்றியிருந்தார்கள். நாலு திருகாணி ஓட்டை மட்டும் இருந்தது. அதற்குக் கீழே, என் இடுப்பு உயரத்திலிருந்து அடிவரைக்கும் கீறல். நூறு கீறலாவது இருக்கும். பூனை வளர்த்திருப்பார்கள் என்று நினைத்து, எல்லாவற்றையும் பட்டி வைத்து அடைத்து, மேலே பெயின்ட் அடித்துவிட்டேன்.

மறுநாளே பட்டி உதிர்ந்தது. கதவடியில் வெள்ளைப் பொடி. திரும்ப அடைத்தேன். திரும்ப உதிர்ந்தது.

"ஊர் வீட்டையெல்லாம் தரைமட்டமாக்கத் தெரியுது, நாலு ஓட்டையை அடைக்கத் துப்பில்ல" என்றாள் என் மனைவி.

"பட்டி கலந்தது சரியில்லடி."

"நீ கலந்ததுதானே?"

துடைப்பத்தை எடுத்துப் பொடியைப் பெருக்கித் தள்ளினேன்.

ஒருநாள் பெரியவள் கேட்டாள். "அப்பா, தட்டுனா ஏம்ப்பா திறக்க மாட்டேங்குற?"

"நீ எப்போம்மா தட்டுன?"

"நான் தட்டல."

குழந்தை பேச்சு என்று விட்டுவிட்டேன்.

அந்த வியாழக்கிழமை எனக்கு வேலை இல்லை, பெரியவளுக்கும் பள்ளிக்கூடம் லீவு. என் மனைவி சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். நாலு மணிக்குத்தான் வருவாள். இரண்டு மணிக்குப் பிள்ளைகளைப் படுக்கவைத்தேன். இரண்டரைக்கு இரண்டும் நல்ல தூக்கம். அப்போதுதான் பால்மாவு டப்பாவைத் திறந்தேன். தட்டினால் ஒரு கரண்டிகூட விழாது. சின்னவன் எழுந்ததும் பால் இல்லை என்றால் கூரையைப் பிய்த்துவிடுவான். கடை தெருமுனையில். போக ஐந்து நிமிஷம், வர ஐந்து நிமிஷம்.

எழுப்பலாமா என்று யோசித்தேன். பெரியவள் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள். சின்னவன் அவள் வயிற்றில் காலைப் போட்டிருக்கிறான். எழுப்ப மனசு வரவில்லை. பத்து நிமிஷம்தானே.

சின்னவன் எழுந்தால் தத்தித் தத்தி அடுப்புப் பக்கம் போய்விடுவான். அதனால் அறைக்கதவை மூடி, வெளியே தாழ்ப்பாள் போட்டேன்.

போனில் மணி பார்த்தேன். 2:40.

கடைக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை கழுவி வந்து டப்பாவைத் தேடி எடுத்துக் கொடுத்தார். திரும்பி எங்கள் கட்டடத்து வாசலுக்கு வந்தபோது 2:52.

கீழ்வீட்டு அக்கா வாசலில் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"ஏம்ப்பா, ஊரெல்லாம் இடிச்சது போதாதுன்னு சொந்த வீட்டையே இடிக்க ஆரம்பிச்சிட்டியா? பத்து நிமிஷமா தலைமேல திம்முதிம்முன்னு..."

என்னைப் பார்த்தாள். கையில் இருந்த டப்பாவைப் பார்த்தாள்.

"நீ... வெளியவா இருந்த?"

நான் படியேறி ஓடினேன்.

வீடு பூட்டியபடி இருந்தது. திறந்தேன். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. அறைக்கதவின் தாழ்ப்பாள் நான் போட்டபடியே இருந்தது. கதவடியில் மட்டும் வெள்ளைப் பொடி குவிந்து கிடந்தது. ஒரு கைப்பிடி இருக்கும்.

தாழ்ப்பாளில் கை வைத்து இழுத்தேன்.

அதே நொடி... உள்ளே ஒரு தாழ்ப்பாள் விழுந்தது.

க்ளக்.

உள்ளே தாழ்ப்பாளே கிடையாது. நாலு ஓட்டைதான்.

தள்ளினேன். கதவு அசையவில்லை. தோளால் இடித்தேன். அசையவில்லை.

"அப்பா!"

பெரியவள் அலறினாள். அதுபோல அவள் அலறி நான் கேட்டதே இல்லை. சின்னவன் அழுகை பாதியில் நின்று நின்று வந்தது. கழுத்தைப் பிடித்தால் வருகிற அழுகை.

அப்புறம் இடி விழுந்தது. உள்ளே இருந்து. கதவு என் முகத்துக்கு நேராகப் புடைத்தது. நிலைக்கு மேலே சுவர் வெடித்துக் காரை கொட்டியது. மறுபடியும். மறுபடியும். எட்டு ராத்தல் சம்மட்டியால் அடிப்பதுபோல. என் பெரியவளின் மொத்த எடையே பதினெட்டு கிலோ.

கடப்பாரையை எடுத்து வந்தேன். ஓங்கினேன்.

கை தானாக இறங்கியது. மூணு தட்டு தட்டியது. பழக்கம்.

டொக். டொக். டொக்.

உள்ளே எல்லாம் அடங்கியது.

டொக்.

என் முட்டி உயரத்தில் ஒரு பதில்.

டொக்.

அதற்கும் கீழே இன்னொன்று.

எனக்கு உயிர் வந்தது. இரண்டு பேரும் இருக்கிறார்கள்.

டொக்...

மூன்றாவது. மெதுவாக. கொஞ்சம் மேலே. என் இடுப்பு உயரத்தில்.

எனக்கு இரண்டு பிள்ளைகள்தான்.

கதவின் நடுவில் குத்த முடியாது. பின்னால் பிள்ளைகள் நிற்கலாம். கீல் பக்கம் கடப்பாரையைச் செருகி நெம்பினேன். மேல்கீல் பிய்ந்தது. கீழ்க்கீலுக்குக் குனிந்தேன். கதவுக்கும் தரைக்கும் நடுவில் விரல் நுழைகிற சந்து.

விரல் நுழைந்தது.

நாலு விரல். சின்ன விரல்கள். நுனியில் நகம் இல்லை. வெறும் சதை. என் கால் பெருவிரலைப் பிடித்தது. பிடித்து... இழுத்தது.

நகம் பிய்கிற சத்தத்தைக் கேட்டேன். வலி அப்புறம்தான் வந்தது. நான் கத்திக்கொண்டே நெம்பினேன். கடப்பாரையை யாரோ அந்தப் பக்கமிருந்து உதைத்தார்கள். அது திரும்பி வந்து என் தாடையில் அடித்தது. இரண்டு பல் வாய்க்குள் விழுந்தது. துப்பினேன். நெம்பினேன்.

கீழ்க்கீல் போனது.

கதவு உள்பக்கம் சாய்ந்தது. நான் அதன்மேல் விழுந்தேன்.

கதவுக்கு அடியில் ஏதோ இருந்தது. என் நெஞ்சுக்குக் கீழே... அடித்தது. ஒரு தடவை. இரண்டு தடவை. பிறகு இல்லை.

நிமிர்ந்தேன்.

பெரியவள் ஜன்னல் ஓரத்தில். முதுகைச் சுவரில் முட்டுக்கொடுத்து, சின்னவனின் இரண்டு கால்களையும் கட்டிப் பிடித்திருந்தாள். அவள் மூக்கிலிருந்து ரத்தம்.

சின்னவன் தரையில் இல்லை.

காற்றில், குறுக்கே, நீட்டி இருந்தான். அவன் சட்டைக் காலர் கயிறுபோல விறைத்து நின்றது. அந்தப் பக்கம் யாரும் இல்லை. ஆனால் இழுக்கிறார்கள். அவன் முகம் நீலம்.

பாய்ந்து அவன் இடுப்பைப் பிடித்தேன். இழுத்தேன். அந்தப் பக்கமும் இழுத்தது. வளர்ந்த ஆம்பளை நான். என்னைத் தரையோடு இழுத்துக்கொண்டு போனது. நான் ஒரு கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்தேன். கம்பி வளைந்தது.

"விடு!" என்றேன். "என் பிள்ளை... விடு!"

சட்டை கிழிந்தது.

மூன்று பேரும் சுவரில் போய் மோதினோம்.

சத்தம் நின்றது. சின்னவன் ஒரு மூச்சு இழுத்தான். அப்புறம் அழுதான். சுவர்க் கடிகாரத்தில் மூன்று மணி.

கிழிந்த சட்டைத் துண்டு கடைசிவரை கிடைக்கவில்லை.

நாலு மணிக்கு என் மனைவி வந்தாள். சின்னவன் கழுத்தில் விரல் தடம் பார்த்தாள். என் விரலில் பாதிகூட இல்லாத விரல்களின் தடம். வீங்கிய என் வாயைப் பார்த்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, வீங்கிய பக்கத்திலேயே ஓர் அறை விட்டாள்.

"பத்து நிமிஷம்... பத்து நிமிஷம்னு சொல்ற. உனக்கு வாய் கூசல?"

கூசியது. இன்றைக்கும் கூசுகிறது.

பெரியவளை மடியில் போட்டுக்கொண்டு என் மனைவி கேட்டாள். "உள்ள யாரும்மா இருந்தா?"

"அந்த அக்கா."

"எந்த அக்கா?"

"கதவு அக்கா. 'தம்பியக் கொண்டாந்துட்டாங்க, தம்பியக் கொண்டாந்துட்டாங்க'ன்னு சொல்லிட்டே இழுத்துச்சும்மா."

நான் கேட்டேன். "அப்பா தட்டினப்ப நீ பதில் தட்டுனியே, அப்போகூடத் தம்பியைப் பிடிச்சிட்டுதான் இருந்தியா?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"நான் எங்கே தட்டுனேன்ப்பா? ரெண்டு கையும் தம்பிகிட்ட இருந்துச்சு. மூணும் அந்த அக்காதான் தட்டுச்சு. நாம மூணு பேர் இருக்கோம்னு அப்பாவுக்குச் சொல்லணுமாம்."

அன்றைக்கே கதவைக் கோடாலியால் பிளந்து வெட்டவெளியில் கொளுத்தினேன். ஒட்டடை கூட வந்தான். அவனிடம் அந்த மாடிவீட்டு விஷயத்தைக் கேட்டேன்.

"நீதானேடா அன்னைக்குப் பதில் தட்டுன?"

"எப்போ?"

"மேல்மாடி. கடைசி அறை."

"அண்ணே, நீ மேல ஏறினதுலருந்து நான் கீழ லாரியில மண்ணு ஏத்திட்டு இருந்தேன். மாடியில நீ ஒத்த ஆளு."

ஒரு தட்டு வந்தால் ஆள் இருக்கிறது என்று அர்த்தம். இருபது வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் நான் அதை மதிக்கவில்லை. உள்ளே ஆளை வைத்துக்கொண்டே கதவைக் கழற்றிச் சுமந்து வந்திருக்கிறேன்.

பத்து நாள் கழித்து அந்த மாடிவீடு இருந்த மனைக்குப் போனேன். பக்கத்துக் கட்டடத்து வாட்ச்மேன் பழைய ஆள். முதலில் சொல்ல மாட்டேன் என்றார். என் காலைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"ஒரு பொம்பள, ரெண்டு பிள்ளைங்க. கைப்பிள்ளைக்குக் காய்ச்சல். மத்தியானம் மருந்து வாங்க அவனைத் தூக்கிட்டுப் போச்சு. பொண்ணுக்கு எட்டு வயசு, தூங்கிட்டு இருந்துச்சு. எழுப்ப மனசு வரல போல. வெளிய தாழ்ப்பாள் போட்டுட்டுப் போயிடுச்சு. முக்குலயே லாரி அடிச்சு அம்மாவும் பையனும் அங்கயே போயிட்டாங்க. யாருன்னு அடையாளம் தெரியவே அஞ்சு நாளாச்சு."

"அந்தப் பொண்ணு?"

"அஞ்சாம் நாள்தான் கதவைத் திறந்தாங்க." காலி மனைப் பக்கம் திரும்பினார். "தட்டுற சத்தம் எனக்குக் கேட்டுச்சுப்பா. மூணு நாள் கேட்டுச்சு. அப்போ இந்தப் பக்கம் உங்க ஆளுங்க ஒரு வீட்டை இடிச்சிட்டு இருந்தாங்க. அந்தச் சத்தம்னு நினைச்சிட்டேன்."

இப்போது அந்த அறைக்குக் கதவு இல்லை. என் மனைவியின் பழைய சேலையைத் திரையாகக் கட்டியிருக்கிறோம். பிள்ளைகள் தூங்கும்போது இரண்டு பேரில் ஒருத்தர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்போம்.

துணியில் தட்டினால் சத்தம் வராது.

மத்தியானம், அன்றைக்கு நான் கடையிலிருந்து திரும்பி வந்த அதே 2:52க்கு... வருகிறது.

ஒரே ஒரு தட்டு.